இந்த இனிப்பை யார் பறித்தது?



சென்ற ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும், நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாயார் மூடிய எவர்சில்வர் தூக்கு ஒன்றோடு அறை வீட்டுக்கு வந்தார். கூடவே அவருடைய மகனும், பின்னால் மெதுவாக நடந்து பையனின் பாட்டியும் வந்தார்கள். "சாமி, பையனுக்கு எட்டு வயசு முடிஞ்சிருக்கு. கடையில வாங்கலை. நானே செஞ்ச சாக்லேட் கேக். முந்தாநாள் செஞ்சது, இன்னும் மெத்துன்னு இருக்கு பாருங்க" என்று தூக்கைத் திறந்தார். உண்மைதான். இரண்டு நாள் கழிந்தும் அது காயவில்லை, உதிரவில்லை. விரலால் அழுத்தினால் ஈரப்பசையோடு அமிழ்ந்து எழுந்தது.

நான் ஒரு துண்டை வாயில் வைக்குமுன் பையன் முந்திக்கொண்டான். "சாமி, பாட்டி ஒரு கேள்வி கேட்டாங்க. அம்மாவுக்குப் பதில் தெரியலை. உங்ககிட்டக் கேக்கச் சொன்னாங்க."

"என்ன கேள்வி அம்மா?" என்றேன் பாட்டியிடம். அந்த மூதாட்டி சற்றுத் தயங்கினார். "ஒண்ணுமில்லை சாமி. மகள் மாவு கலக்கும்போது அந்தக் கறுப்புப் பவுடரைத் தொட்டு நாக்குல வச்சேன். வேப்பங்காயாக் கசக்குது. இது எந்த மரத்துல காய்க்குது, இதை யாரு பறிக்கிறான்னு கேட்டேன். எங்களை மாதிரிச் சின்னப் பிள்ளைகளான்னு கேட்டேன்."

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பது எனக்குத் தெரியும். ஒன்பது வயதில், விடியுமுன்னே வந்து நிற்கும் தீப்பெட்டி ஆலை வண்டியில் தூக்கக் கலக்கத்தோடு ஏறியவர் அவர். சட்டத்திலே குச்சி அடுக்கிய விரல்கள் அவை. ஆகையால் எந்தப் பொருளைப் பார்த்தாலும் அதன் பின்னால் ஒரு கையைத் தேடுவது அவர் வழக்கமாகிவிட்டது.

கேக்கைச் சாப்பிட்டேன். கேள்விக்கு மட்டும் அப்போது பதில் சொல்லவில்லை. ஒரு வாரம் யோசித்து, அதை இங்கே உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் கேக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தாய்மார் பலர் அதைத்தான் கேட்பீர்கள். அந்தத் தாயாரின் வீட்டில் கேக் அடுப்பு இல்லை. அடிகனமான பெரிய பாத்திரத்தில் இரண்டு விரற்கடை உயரம் மணலைப் பரப்பி, நடுவில் ஒரு முக்காலி வைத்து, மூடி, பத்து நிமிஷம் சூடேற்றினாராம். மைதா 190 கிராம், கொக்கோ தூள் 30 கிராம், சமையல் சோடா ஒரு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி ஆகியவற்றைச் சேர்த்து இரண்டு முறை சலித்துக்கொண்டார். சர்க்கரை 200 கிராம், புளித்த தயிர் அரை தம்ளர், கடலெண்ணெய் 90 மில்லி, எலுமிச்சைச் சாறு ஒரு மேஜைக்கரண்டி, இவற்றை வேறொரு பாத்திரத்தில் சர்க்கரை கரையும் வரை அடித்து, 150 மில்லி வெந்நீரும் விட்டார். பிறகு மாவைக் கொட்டி, கட்டி இல்லாதபடி கலந்தவுடன் கையை எடுத்துவிட்டார். எண்ணெய் தடவி மாவு தூவிய தட்டில் ஊற்றி, முக்காலியின் மேல் வைத்து, மூடி, சிறு தீயில் 45 நிமிஷம். முட்டை இல்லை, வெண்ணெய் இல்லை.

இது காயாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. கொக்கோ காயின் விதையில் பாதிக்கு மேல் கொழுப்புத்தான். 1828-ஆம் வருஷம் ஹாலந்து தேசத்து வான் ஹௌட்டன் குடும்பத்தார் அந்தக் கொழுப்பைச் செக்கில் பிழிவதுபோல் பிழிந்தெடுக்கும் இயந்திரத்துக்கு உரிமை பெற்றார்கள். பிழிந்தபின் மிஞ்சிய பிண்ணாக்கைப் பொடித்ததே நாம் வாங்கும் கொக்கோ தூள். எனவே அது வறண்ட பொருள், ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதற்கு ஈடாகத்தான் எண்ணெயும் தயிரும். வெண்ணெய் ஆறினால் இறுகும், எண்ணெய் இறுகாது. சர்க்கரை இனிப்புக்கு மட்டுமல்ல, நீரைப் பிடித்து வைப்பதற்கும் உதவுகிறது. அதைக் குறைத்தால் கேக் சீக்கிரம் காய்ந்துவிடும். மாவை அதிகம் கலக்கினால் பரோட்டா மாவுபோல் இழுவை கண்டு கடினப்படும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஈர்க்குச்சியைக் குத்திப் பார்க்கும்போது அதில் ஈரமாவு ஒட்டாமல், இரண்டொரு துகள் மட்டும் ஒட்டினால் உடனே இறக்கிவிட வேண்டும். 'இன்னும் ஐந்து நிமிஷம் இருக்கட்டும்' என்கிற பயமே பல வீட்டுக் கேக்குகளைக் கெடுக்கிறது.

இனிப் பாட்டியின் கேள்விக்கு வருவோம்.

கடையிலிருந்து அட்டைப் பெட்டியில் வரும் கேக் எந்தக் கேள்வியையும் எழுப்புவதில்லை. அது முழுதாக வருகிறது, வெட்டுகிறோம், முடிகிறது. வீட்டில் செய்யும்போதோ ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே எடுத்து, அளந்து, மேஜைமேல் வரிசையாக வைக்கிறோம். அங்கேதான் ஒவ்வொன்றும் 'நான் எங்கிருந்து வந்தேன்' என்று நம்மைப் பார்க்கிறது. தயிர் பக்கத்து வீட்டு எருமையினுடையது. எலுமிச்சை கொல்லையில் பறித்தது. கடலெண்ணெய் நம் கரிசல் பூமியில் விளைந்த கடலையின் எண்ணெயாக இருக்கலாம். நம் வட்டாரத்துப் பலகாரங்களும் அப்படியே. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, சாத்தூர்ச் சேவு, கோவில்பட்டிக் கடலை மிட்டாய் என்றால், அவற்றைக் கிண்டுகிறவர்களும் பிழிகிறவர்களும் தட்டுகிறவர்களும் நமக்குத் தெரிந்தவர்கள், அல்லது நமக்கு உறவு. மேஜைமேல் இருந்தவற்றில் இந்தக் கொக்கோ ஒன்றுதான் அந்நியன்.

அந்தப் பொருளின் வரலாறு இது. கொக்கோ மரம் தென் அமெரிக்காவின் அமேசான் காடுகளைச் சேர்ந்தது. 1753-ல் தாவர நூலறிஞர் லின்னேயுஸ் அதற்குச் சூட்டிய பெயருக்கு 'தெய்வங்களின் உணவு' என்று பொருள். நம் பலாவைப்போல் அடிமரத்திலேயே காய்க்கும். ஒவ்வொரு காயையும் கத்தியால் அறுத்து, உடைத்து, உள்ளிருக்கும் 30, 40 விதைகளை வெண்சதையோடு எடுத்து, வாழை இலையில் மூடி ஐந்தாறு நாள் புளிக்க வைத்து, பிறகு வெயிலில் காயவைக்க வேண்டும். இவ்வளவும் கைவேலை. உலகத்துக் கொக்கோவில் பாதிக்கு மேல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட், கானா என்னும் இரண்டே தேசங்களிலிருந்து வருகிறது. அங்கே விளைவிப்பவர்கள் பெரும்பாலும் சில ஏக்கர் நிலமுள்ள ஏழைக் குடியானவர்கள்.

பாட்டியின் சந்தேகம் சரியானதே. சிக்காகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆய்வு நிலையம் 2020-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, அந்த இரு தேசங்களிலும் கொக்கோ விளையும் பகுதிகளில் சுமார் 15 லட்சத்து 60 ஆயிரம் சிறுவர் சிறுமியர் கொக்கோ வேலையில் சட்டத்துக்குப் புறம்பாக ஈடுபட்டிருந்தார்கள். கத்தியால் காய் அறுப்பது, வயதுக்கு மீறிய சுமை தூக்குவது, பூச்சி மருந்து தெளிக்கும் இடத்தில் நிற்பது ஆகியவை அவர்கள் வேலை. இத்தகைய கொடுமைகளில் மிக மோசமானவற்றை 2005-க்குள் ஒழிப்போம் என்று பெரிய சாக்லேட் கம்பெனிகள் 2001-லேயே கையெழுத்திட்டிருந்தன. கெடு ஒரு முறையல்ல, பலமுறை தள்ளிப் போடப்பட்டது.

இதைப் படித்ததும் உங்களில் சிலர், 'ஐயோ, அந்தப் பெற்றோர் எப்படிப்பட்ட கல் நெஞ்சக்காரர்கள்!' என்று நினைக்கலாம். சற்றுப் பொறுங்கள். அந்தக் குழந்தைகளில் மிகப் பலர் வேலை செய்வது தங்கள் சொந்தக் குடும்பத்துத் தோட்டத்தில்தான். தகப்பனே கூட்டிப் போகிறான். ஏன்? காய்க்குக் கிடைக்கும் கிரயத்தில் கூலியாள் வைக்க முடியாது.

இந்தக் கதை நமக்குப் புதிதா? நம் ஜில்லாவில் இதே கதை நடக்கவில்லையா? 'வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே' என்று சொல்லித்தானே நம் பாட்டிமாரின் பெற்றோர் அவர்களை வண்டியேற்றினார்கள்? அவர்கள் கல் நெஞ்சர்களா? இல்லை. 1986-ல் சிறுவர் வேலைத் தடைச் சட்டம் வந்தது. சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலை முன்னிட்டுத் தொடரப்பட்ட வழக்கில், 1996 டிசம்பர் 10-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், அபாயத் தொழிலில் சிறுவரை வைத்த ஒவ்வொரு முதலாளியும் குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் நல நிதியில் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. பள்ளிக்கூடமும், சத்துணவும், சட்டமும், தாய்மாரின் பிடிவாதமும் சேர்ந்து அந்த விடியற்கால வண்டியிலிருந்து நம் பிள்ளைகளை இறக்கின. அதற்கு ஒரு தலைமுறை பிடித்தது.

எனவே கொக்கோ பறிக்கும் அந்தச் சிறுவனை நாம் தெரியாதவன் என்று சொல்ல முடியாது. அவன் நம் பாட்டியின் தம்பி.

இப்போது நீதியின் கேள்வி. இதை அறிந்தபின் அந்தக் கேக்கைச் சாப்பிடுவது பாவமா?

குருமடத்தில் நாங்கள் படித்த ஒழுக்க சாஸ்திரத்தில் சாக்லேட்டைப் பற்றியே ஒரு பழைய வழக்கு உண்டு. பதினேழாம் நூற்றாண்டில், சாக்லேட் பானம் குடித்தால் ஒருசந்தி முறியுமா என்று சாஸ்திரிகள் கடுமையாக வாதாடினார்கள். பிரான்காச்சியோ என்னும் கர்தினால் 1664-ல் உரோமையில் ஒரு நூலே எழுதி, அது பானமேயாகையால் முறியாது என்று வாதித்தார். நல்ல வாதந்தான். ஆனால் அவர்கள் ஆராய்ந்தது குடிக்கிறவனின் வாயைப் பற்றி. அந்தக் காலத்திலே அமெரிக்கத் தோட்டங்களில் கொக்கோ பறித்தவர்களில் அடிமைகளும் இருந்தார்கள். பறித்தவன் கையைப் பற்றிய கேள்வி அந்த வழக்கில் எழவில்லை. படித்தவர்கள் கேட்கத் தவறியதை, பள்ளிக்கூடத்தை முழுதாகப் பாராத நம் பாட்டி கேட்டார் என்பதை நினைக்க எனக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருக்கிறது.

அதே சாஸ்திரம் நமக்கு ஒரு அளவுகோலையும் தருகிறது. ஒருவன் செய்யும் அநீதிக்கு நாம் மனதார உடன்படுவது ஒன்று. விரும்பாமல், வெகு தூரத்திலிருந்து, அதன் பலனில் ஒரு துளி நம்மிடம் வந்து சேர்வது மற்றொன்று. முன்னது எப்போதும் குற்றம். பின்னது எப்போதும் குற்றமல்ல; இல்லாவிடில் இவ்வுலகத்தில் ஒருவனும் ஒரு சட்டை போட முடியாது, ஒரு கப் காப்பி குடிக்க முடியாது. ஆகையால் அந்தத் தாயார் மனக்கலக்கப்பட வேண்டியதில்லை. மகனின் பிறந்த நாளுக்குத் தன் கையால் கேக் செய்தது நற்செயல்.

ஆனால் அதோடு நின்றுவிட்டால் போதாது. இங்கே இரண்டு சுலபமான வழிகள் இருக்கின்றன, இரண்டும் சரியல்ல.

முதல் வழி: 'நமக்கென்ன தெரியும்? கடையில் விற்கிறது, வாங்குகிறோம்' என்று கண்ணை மூடிக்கொள்வது. தெரியாமை குற்றத்தைக் குறைக்கும், வாஸ்தவம். தெரிந்துகொள்ள மனமில்லாமை குறைக்காது. கசப்பான ஒரு சரித்திரத்தைச் சொல்கிறேன். ஆப்பிரிக்காவையடுத்த சான் தோமே தீவில் கொக்கோத் தோட்டங்களில் நடப்பது அடிமை வேலையே என்ற செய்தி 1901-ல் இங்கிலாந்தின் காட்பரி கம்பெனியாரின் காதுக்கு எட்டியது. அவர்கள் பக்தியுள்ள, தம் தொழிலாளரை நன்றாக நடத்திய குடும்பத்தார். விசாரித்தார்கள், ஆளனுப்பினார்கள், கடிதம் எழுதினார்கள். அந்தக் கொக்கோவை வாங்குவதை நிறுத்தியது 1909-ல். எட்டு வருஷம்! நல்லவர்களுக்கே அறிவதற்கும் செய்வதற்கும் நடுவில் இத்தனை தூரம் இருக்கக்கூடும்.

இரண்டாம் வழி: 'இனிமேல் சாக்லேட்டையே தொடமாட்டோம்' என்று கையைக் கழுவிக்கொள்வது. கேட்கப் புண்ணியமாகத் தோன்றும். ஆனால் ஒரு பொருளை வாங்காமல் விட்டால் அதைச் செய்கிற ஏழைக்கு என்ன ஆகும் என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்? 2018 அக்டோபரில் பட்டாசு பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபின், சிவகாசி வட்டாரத்து ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தனவே, அந்த நாட்களில் எத்தனை வீடுகளில் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போயிற்று! காற்றின் சுத்தமும் நியாயமே. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வாங்குகிறவன் விலகிக்கொள்வதாலே மட்டும் செய்கிறவனுக்கு நீதி கிடைத்துவிடாது.

பின் என்ன செய்வது? தன் சக்திக்கு உட்பட்ட அளவில், கையைத் தேடுவது. மூன்று காரியங்களைச் சொல்கிறேன்.

ஒன்று: மலிவைச் சந்தேகியுங்கள். மலிவாகக் கிடைப்பதற்கெல்லாம் மீதி விலையை வேறு யாரோ கொடுத்திருக்கக்கூடும்: ஒரு தகப்பன் தன் கூலியால், அல்லது ஒரு பிள்ளை தன் படிப்பால். கொக்கோ நம் தேசத்திலும் விளைகிறது. கேரளத்து இடுக்கியிலும், நம் பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளிலும் ஊடுபயிராக நிற்கிறது. 1973-ல் மங்களூரில் பாக்கு விவசாயிகள் தொடங்கிய 'காம்ப்கோ' என்னும் கூட்டுறவுச் சங்கம் கொக்கோவையும் வாங்கி, 1986-ல் புத்தூரில் சொந்தச் சாக்லேட் ஆலையே வைத்தது. விளைவிக்கிறவன் பெயர் தெரிகிற இத்தகைய பொருளுக்குப் பத்து ரூபாய் கூடுதலாகக் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். முடியாத வீட்டார், வாங்கியதை வீணாக்காமல் பகிர்ந்து உண்ணுங்கள். பேர் சொல்லிக்கொள்ளக் கடன் வாங்கி மூன்றடுக்குக் கேக் வெட்டிப் பாதியை முகத்தில் பூசிக் குப்பையில் போடுவதை மட்டும் விட்டுவிடுங்கள். எவனோ ஒரு பிள்ளையின் பிரயாசை அது.

இரண்டு: எட்டாத கையைத் தேடுமுன் எட்டுகிற கையைப் பாருங்கள். பிறந்த நாள் விருந்து முடிந்ததும் பாத்திரம் தேய்க்க வரும் பெண்ணுக்கு ஒரு துண்டு கிடைத்ததா? ரொட்டிக்கடை அடுப்படியில் நிற்கும் வெளியூர்ப் பையனுக்கு வயது என்ன என்று யாராவது கேட்டீர்களா?

மூன்றாவதைச் சொல்ல எனக்குச் சங்கடமாக இருக்கிறது. சொல்லாவிடில் இந்தக் கட்டுரை வெறும் பேச்சாகப் போய்விடும். தீபாவளிக்கு முந்திய மாதங்களில், ஆலைக்கு வெளியே, உரிமம் இல்லாமல், வீட்டுக்குள்ளேயே சரவெடி பின்னும் வேலை நம் சுற்றுவட்டாரத்தில் நடக்கிறது என்பது ஊரறிந்த இரகசியம். பள்ளிவிட்டு வந்த பிள்ளை பாட்டிக்கு ஒத்தாசையாகப் பக்கத்தில் உட்காருகிறது. 'நம் வீடுதானே, நம் பிள்ளைதானே' என்கிறோம். ஐவரி கோஸ்ட்டில் அந்தத் தகப்பனும் அதையேதான் சொல்கிறான்! 14 வயது நிறையாதவரை வேலையில் வைப்பதையும், 18 வயது நிறையாதவரை அபாயத் தொழிலில் வைப்பதையும் 2016-ல் திருத்திய சட்டம் தடுக்கிறது. குடும்பத்துக்கு உதவி என்கிற சலுகை வெடிமருந்துக்குச் செல்லாது. சட்டம் கிடக்கட்டும். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளத்திலும் மருந்து வெடித்த சப்தம் நம் காதை விட்டுப் போயிற்றா? அவை ஆலைகள். அங்கேயே அப்படியானால், அடுப்புக்கு ஆறடி தூரத்தில் மருந்தை வைத்துக்கொண்டிருக்கும் வீட்டை என்னவென்பது? தாய்மாரே, தகப்பன்மாரே, அந்த வருமானம் எவ்வளவு அவசியமானது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்கிறேன்: பிள்ளையை எழுப்பிப் புத்தகத்தின் முன் உட்கார வையுங்கள். வேலையை ஆலையிலே, சட்டப்படி செய்யுங்கள். வேறு வழி தெரியவில்லையென்றால் இரவானாலும் என்னிடம் வாருங்கள், சேர்ந்து யோசிப்போம்.

பங்கு மக்களே, ஆலங்குளத்தில் 1970-ல் சர்க்கார் சிமெண்டு ஆலை ஏற்பட்டது. இங்கே அரைத்த சிமெண்டு எந்த ஊரில் எந்த வீட்டைத் தாங்கி நிற்கிறது என்று நமக்குத் தெரியாது. இங்கே சுற்றிய கம்பி மத்தாப்பை வடநாட்டில் எந்தக் குழந்தை பிடித்துச் சிரித்தது என்றும் தெரியாது. அவர்களுக்கும் நம்மைத் தெரியாது. 'ஒரு நாளாவது நம்மை நினைத்திருப்பார்களா?' என்று நாம் ஏங்கியதுண்டு அல்லவா? அந்த ஏக்கத்தை அறிந்த நாம், இப்போது மேஜையின் மறுபுறத்தில் உட்கார்ந்திருக்கிறோம். நாம் நினைக்கப்பட வேண்டும் என்று விரும்பியதுபோலவே மற்றவர்களை நினைப்பதுதான் இதில் நம் கடமை.

பாட்டிக்கு என் பதில் இது: ஆம் அம்மா, உங்களை மாதிரிப் பிள்ளைகளும் பறிக்கிறார்கள். உங்களை இறக்கிவிட ஒரு தலைமுறை பிடித்தது. அவர்களுக்கும் அது நடக்கும், கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தால்.

பையனுக்கு: அடுத்த பிறந்த நாளுக்கும் அம்மாவைக் கேக் செய்யச் சொல். நீ மாவைச் சலித்துக் கொடு. வெட்டுமுன் சொல்கிற ஜெபத்தில், தயிர் கொடுத்த பக்கத்து வீட்டாரையும், பெயர் தெரியாத அந்தப் பையனையும் சேர்த்துக்கொள். பிறகு நன்றாகச் சாப்பிடு.

தாயாருக்கு: தூக்கைக் கழுவி வைத்திருக்கிறேன். வரும் ஞாயிறு வாங்கிக்கொள்ளலாம். கேக் மெய்யாகவே நன்றாயிருந்தது.

உங்கள் பங்குச் சுவாமி